பனையடியில் ஒரு கூதிர்காலம்

அன்புள்ள ஐயா,

டொரண்டோவில் இருக்கும் என் சித்தி மகள் செப்டம்பர் பிறந்ததிலிருந்து தினம் ஒரு படம் அனுப்புகிறாள். சிவந்த மேப்பிள் இலை, பூசணிக்காய்க் குவியல், ஆப்பிள் பறிக்கும் தோட்டம். “எங்கள் இலையுதிர்காலம் இது, உங்களுடையதை அனுப்புங்கள்” என்று என் பிள்ளைகளிடம் கேட்கிறாள். மூத்தவனுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு எட்டு. தாம்பரத்தில் வாடகை வீடு. எங்களுக்கு அக்டோபர் என்றால் தெருவில் தேங்கும் தண்ணீர், காயாத துணி, பள்ளிக்கு லீவு உண்டா என்று டிவி பார்ப்பது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

என் மாமனார் ஊர் உடன்குடிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பனை நிற்கிறது. ஆயுதபூஜை விடுமுறைக்கும் கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் போவோம். இந்த மூன்று தடவையும் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா? அளவும் பக்குவமும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும். மொட்டைமாடியில் செய்ய முடிந்தது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ம., தாம்பரம்

*

அன்புள்ள ம.,

ஆயுதபூஜை, கார்த்திகை, பொங்கல் என்று நீங்கள் ஊருக்குப் போகிற மூன்று சமயங்களும் பனையின் கணக்குக்கு அப்படியே பொருந்துகின்றன. முதல் தடவை பனங்கொட்டையைப் பாத்தியில் போடலாம், மாவலிக்குக் கரி சுடலாம் (மாவலி என்பது கார்த்திகையன்று கயிற்றில் கட்டிச் சுற்றும் கரித்தூள் பை, சுற்றினால் பொறி பறக்கும்). இரண்டாம் தடவை மாவலி சுற்றலாம், ஓலைக் கொழுக்கட்டை அவிக்கலாம். மூன்றாம் தடவை கிழங்கு பிடுங்கலாம். மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்க ஜன்னலைத் திறந்தால் போதும். பனங்கிழங்கு தின்ன வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்பே கொட்டை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். நம் ஊர்ப் பருவத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான், வாரம் பார்த்துச் செய்தால் உண்டு, தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அதனால் எப்போது எதைச் செய்வது என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரை பனம்பழம் விழும். நுங்குக்கு வெட்டாமல் விட்ட குலைகள்தான் பழுக்கின்றன. நீங்கள் போகும்போது கடைசிப் பழங்கள் விழுந்துகொண்டிருக்கும். காலையிலேயே பனையடிக்குப் போய்விடுங்கள். இரவில் விழுந்த பழத்துக்குத்தான் மணம் உண்டு. மறுநாளே சதை புளித்து வண்டு ஏறிவிடும். பழத்தை அடுப்புக் கங்கில் புரட்டிப் புரட்டி அரை மணி நேரம் சுட்டு, கருகிய தோலை உரித்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தும்பும் களியுமாக இருக்கும். தும்பைக் கடித்து இழுத்து உறிஞ்சித் தின்பதுதான் முறை. பிள்ளைகளுக்கு முகமெல்லாம் மஞ்சளாகும், விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு மரத்துப் பழத்துக்கும் ஒரு ருசி. சில மரங்கள் கசக்கும், அந்தக் கசப்பு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் போகாது. அதனால் பணியாரம் சுடுவதற்கு முன் ஒரு விரல் களியை நக்கிப் பார்த்து மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் சுடும் பனங்காய்ப் பணியாரம் மிக எளிது. தும்பு இல்லாமல் வடிகட்டிய களி 2 கப், சர்க்கரை முக்கால் கப், உப்பு ஒரு சிட்டிகை. மூன்றையும் அடிகனமான சட்டியில் போட்டுப் பச்சை வாடை போய்க் கெட்டிப்படும் வரை கிளறுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். முழுவதும் ஆறிய பிறகே மாவு சேர்க்க வேண்டும். சூட்டோடு கொட்டினால் மாவு அப்போதே வெந்து, பணியாரம் கல்லாகிவிடும். வறுத்த கோதுமை மாவோ அரிசி மாவோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, விரலால் கிள்ளி விடும் பதம் வந்ததும் நிறுத்துங்கள். கோலிக்குண்டு அளவில் எண்ணெயில் விட வேண்டும். தீ மிதமாக இருக்கட்டும். சர்க்கரை இருப்பதால் காய்ந்த எண்ணெயில் வெளியே கறுத்து உள்ளே வேகாமல் நிற்கும்.

இனி பாத்தி. இந்தப் பருவத்தில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும், சிலதில் இரண்டோ ஒன்றோ. 4 அடி நீளம், 3 அடி அகலப் பாத்திக்கு நூறு கொட்டை பிடிக்கும். அதாவது முப்பத்தைந்து பழம். சதையை எடுத்த கொட்டைகளை நிழலில் குவித்து, ஒட்டியிருக்கும் களி காயும் வரை சில நாள் விட்டுவைப்பார்கள். நீங்கள் போவதற்குள் இது முடிந்திருந்தால் நல்லது. கையில் எடுத்துப் பார்த்துக் கனமாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எடையே இல்லாமல் லேசாக இருப்பது முளைக்காது.

பனங்கிழங்கு பள்ளத்தில் போடுகிற பயிர் இல்லை, மேட்டில் போடுவது. முளை வந்ததும் கொட்டை மேலேயே தங்கிவிடுகிறது. கொட்டையிலிருந்து குழாய் போன்ற ஒரு தண்டு நேராகக் கீழே இறங்கி, மண்ணுக்குள் போய்ப் பருத்துக் கிழங்காகிறது. ஒரு அடி, ஒன்றரை அடி வரை இறங்கும். கீழே கெட்டித் தரை இருந்தால் முட்டிக்கொண்டு வளையும், குட்டையாகி முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் தரையின் மேல் 2 அடி உயரத்துக்குப் பொலபொலவென்ற மண்ணைக் கொட்டி மேடு கட்டுகிறார்கள். உடன்குடிப் பக்கத்துத் தேரி என்கிற செம்மணல் மேட்டு மணல் இதற்கென்றே அமைந்தது. களிமண்ணாக இருந்தால் பாதிக்குப் பாதி மணல் கலந்துகொள்ளுங்கள். மழையில் மேடு கரையாமலிருக்க நாலு பக்கமும் பனை மட்டையை அடுக்கிக் கட்டலாம், ஹாலோ பிளாக் கல் வைத்தாலும் சரி.

மேட்டின் மேலே கொட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குங்கள், இடைவெளி வேண்டாம். எந்தப் பக்கமாக வைப்பது என்று குழம்ப வேண்டியதில்லை, முளை தானாகவே வளைந்து மண்ணைத் தேடி இறங்கும். மேலே 3 அங்குலம் மண் போட்டு மூடி, காய்ந்த ஓலை பரப்பி, அதன் மேல் உடைமுள்ளை வெட்டிப் போடுங்கள். முள் அவசியம். பன்றியும் பெருச்சாளியும் இந்த வாசனைக்கு எங்கிருந்தாவது வந்துவிடும், ஒரே இரவில் பாத்தி காலியாகிவிடும். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும், பிறகு வானம் பார்த்துக்கொள்ளும். பத்து நாள் சேர்ந்தாற்போல மழையில்லை என்றால் மட்டும் மாமனாரை ஒரு தடவை தண்ணீர் விடச் சொல்லுங்கள். கெட்டுப்போகிற பாத்தி எல்லாம் தண்ணீர் தேங்கிக் கெட்டதாகத்தான் இருக்கும், அதனால் வீட்டுக் கூரைத் தண்ணீர் வந்து விழாத இடமாகப் பாருங்கள்.

மிஞ்சிய கொட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். குளத்துக்கரையில் பத்தடிக்கு ஒன்றாக அரையடி ஆழத்தில் ஊன்றிவிட்டு வாருங்கள். பிள்ளைகளையே ஊன்றச் சொல்லுங்கள். வளர்ந்து பாளை விடப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும், பூக்கிற வரை ஆண் பனையா பெண் பனையா என்று தெரியாது. செங்கல் சூளைக்கும் சாலைக்கும் எவ்வளவு பனை போய்விட்டது என்பதை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களே பார்க்கலாம். 2021இல் தமிழக அரசு வேளாண்மைக்கென்று தனியாக முதல் நிதிநிலை அறிக்கை போட்டபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. 76 லட்சம் பனங்கொட்டைகள் கொடுப்பதாகவும் சொன்னது. நல்ல காரியம். ஆனால் கொட்டை எங்கேயும் போய் வாங்க வேண்டிய பொருளே இல்லை, மரத்தடியில் அழுகிக்கொண்டு கிடக்கிறது.

முதல் மழை பெய்த மறுநாள் காலை நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால் பிள்ளைகளைத் தேரிப் பக்கம் கூட்டிப்போங்கள். ரத்தச் சிவப்பில், வெல்வெட் துணியில் செய்தது போன்ற சிறு பூச்சிகள் மணலில் ஊரும். பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி என்பார்கள். வருடம் முழுக்க மண்ணுக்குள் இருப்பவை, ஈரம் பட்டதும் சில நாள் மட்டும் மேலே வரும். கால்களை எண்ணச் சொல்லுங்கள், எட்டு இருக்கும். பூச்சி என்று பெயரே தவிர சிலந்தியின் உறவு. உள்ளங்கையில் விட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். தீப்பெட்டிக்குள் அடைத்தால் ஈரம் வற்றிச் செத்துவிடும்.

அதே முதல் பயணத்தில் செய்ய வேண்டிய இன்னொன்று மாவலிக் கரி. கார்த்திகைக்குத்தானே மாவலி, அப்போது சுட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் காரியம் கெடும். அந்த மாதத்தில் வெயில் கிடைக்காது, கரி ஈரம் இழுத்துக்கொள்ளும். மழை இறங்குவதற்கு முன்பே சுட்டுத் தூளாக்கி டப்பாவில் அடைத்துவிட வேண்டும்.

அலகுப்பனை என்று அந்தப் பக்கம் சொல்வது ஆண் பனையை. வெயில் காலத்தில் அது விரல் தடிமனில் நீள நீளமாகப் பூக்கதிர் விடும். காய்ந்து உதிர்ந்த கதிர்கள் மரத்தடியில் கிடக்கும். ஒரு சாக்கு நிறையப் பொறுக்கச் சொல்லுங்கள், எரிந்தால் கொஞ்சம்தான் மிஞ்சும். முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி அதில் போட்டுக் கொளுத்துங்கள். இங்கே கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். கொழுந்துவிட்டு எரியும்போதே மூடினால் பாதி வேகாத கட்டையாக நின்றுவிடும், மாவலி பொறி விடாமல் புகைதான் விடும். கூடுதலாக விட்டால் சாம்பல். தழல் அடங்கி, குழி முழுக்க ஒரே சிவப்பாகத் தெரிகிற நேரம்தான் கணக்கு. அப்போது பச்சை இலைதழையை மேலே போட்டு, நனைத்த சாக்கால் மூடி, சுற்றிலும் மண் தள்ளிக் காற்று புகாமல் அடைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது. மறுநாள் மதியம் வரை திறக்க வேண்டாம். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றிக்கொள்ளும்.

எடுத்த கரியை ஒடித்துப் பாருங்கள். உள்ளே வரை கறுப்பாக இருந்து, சட்டென்று முறிய வேண்டும். பழுப்பு நிறம் தெரிகிற துண்டுகளைத் தள்ளிவிடுங்கள். மீதியை அம்மியில் நுணுக்கி, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். அரைத்த உடனே டப்பாவில் போட்டு மூடாதீர்கள். புதுக் கரித்தூள் தானாகச் சூடேறிக் கனன்றுவிடும், ஒரு நாள் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள்.

கார்த்திகை அன்று பழைய வேட்டித் துணியில் ஒரு சாண் நீளம், இரண்டு விரல் தடிமனில் பை தைத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணிதான் ஆகும், பாலியெஸ்டர் உருகி ஒழுகும், மேலே பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தூளைப் போட்டுத் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். தளர்ந்திருந்தால் முதல் சுற்றிலேயே கட்டியாகக் கொட்டிவிடும். இடித்து இறுக்கினால் காற்று நுழையாமல் அணைந்துவிடும். அழுத்திப் பார்த்தால் விரல் லேசாக அமுங்குகிற பதம் போதும். கொஞ்சம் உப்புத்தூள் சேர்ப்பவர்களும் உண்டு, பொறி படபடவென்று தெறிக்கும். உப்பு ஈரம் இழுக்கும் என்பதால் அதை அன்றைக்கே கலக்க வேண்டும், முன்கூட்டிக் கலந்து வைக்கக் கூடாது.

பச்சைப் பனை மட்டையை ஒன்றரை அடிக்கு வெட்டி, இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் போல இருக்கும் கருக்கைச் சீவிவிடுங்கள். ஒரு முனையிலிருந்து முக்கால் வாசி வரை மூன்றாகப் பிளந்து, நடுவில் பையைச் செருகி, பிளவு விரியாமல் மேலும் கீழும் கட்ட வேண்டும். காய்ந்த மட்டையாக இருந்தால் அதுவே எரிந்துவிடும். பிளக்காத முனையில் இரண்டரை அடிக் கயிறு. பையின் நுனியில் ஒரு நெருப்புக் கங்கை வைத்து ஊதுங்கள். சிவப்பு ஓர் அங்குலத்துக்குப் பரவிய பிறகு மெதுவாகச் சுற்றத் தொடங்க வேண்டும். வேகம் கூடக் கூடக் காற்று கரியை விசிறும், கனிந்த துகள்கள் வெளியே வீசப்படும், ஆளைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒரு சக்கரம் நிற்கும். மருந்து இல்லை, வெடி இல்லை, இவ்வளவும் மரத்தடியில் கிடந்த குப்பையிலிருந்து வருகிறது. கார்த்திகைக்கும் மத்தாப்பு வாங்கிக் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

வைக்கோல் போர், ஓலைக் கூரை, கரண்ட் கம்பி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சுற்றுகிறவர் பருத்தி உடையோடு, தலையில் துண்டு கட்டியிருக்க வேண்டும். பத்தடி தள்ளித்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும். பதினொரு வயதுப் பையன் பெரியவர் பக்கத்தில் நின்று சுற்றலாம், முதலில் நெருப்பு வைக்காத மாவலியைச் சுற்றிப் பழகட்டும். எட்டு வயதுக்கு “மாவலியோ மாவலி” என்று கத்துகிற வேலையே பெரிய வேலை.

அன்றைய பலகாரம் ஓலைக் கொழுக்கட்டை. எட்டிப் பறிக்கும் உயரத்தில் நிற்கும் வடலியில், அதாவது இளம்பனையில், குருத்தோலை வெட்டுங்கள். ஒரு வடலிக்கு ஒன்றுதான். பனைக்கு வளரும் இடம் உச்சியில் ஒன்றே ஒன்று, குருத்தையெல்லாம் வெட்டினால் கன்று தேறாது. ஓலையை ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, கழுவித் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த அரிசி மாவு 2 கப், தூளாக்கிய கருப்பட்டி 1 கப், தேங்காய்த் துருவல் 1 கப், வறுத்துக் குழையாமல் வேகவைத்த சிறுபயறு அரை கப், ஏலக்காய் நாலு, சுக்குத்தூள் அரை ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கருப்பட்டியை முக்கால் கப் வெந்நீரில் கரைத்துக் கண்டிப்பாக வடிகட்டுங்கள், அடியில் மண்ணும் தும்பும் தங்கும். பாகைக் கொதிக்கவைத்துச் சூட்டோடு மாவில் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டு நிற்க வேண்டும், ஒட்டக் கூடாது. தண்ணீர் கூடினால் ஓலையை விட்டுக் கழன்று வராது, குறைந்தால் வெந்தபின் உதிரும். மாவை வறுக்காமல் போட்டால் பசையாகிப் பல்லில் ஒட்டும். ஓலைத் துண்டின் நடு மடிப்பில் மாவை நீளமாக அழுத்தி, மேலே இன்னொரு துண்டை வைத்து மூடி, ஓலைக் கீற்றாலேயே இரண்டு இடத்தில் கட்டி, இட்லிப் பானையில் 20 முதல் 25 நிமிடம் அவியுங்கள். ருசியில் பாதி அந்தப் பச்சை ஓலை வாசனை. உங்கள் மாமனார் ஊர்க் கருப்பட்டிக்குப் பெயர் உண்டு, ஆனாலும் சீனி கலந்தது எங்கும் விற்கிறது. உடைத்து முகர்ந்தால் புகைவாசம் இல்லாமல் வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் வாங்காதீர்கள்.

இரவு வானத்தையும் விடாதீர்கள். மழை நின்ற இரவில் தூசியெல்லாம் கழுவப்பட்டு வானம் தெளிவாக இருக்கும். நவம்பர் கடைசியில் இரவு 8 மணிக்குக் கிழக்கே பாருங்கள். நட்சத்திரங்கள் ஒரு சின்னக் கொத்தாக, கொஞ்சம் மங்கலாகத் தெரிவது கார்த்திகை. கார்த்திகை மாதப் பௌர்ணமி நிலவு அதன் அருகில் வருவதால்தான் மாதத்துக்கு அந்தப் பெயர். நேராக உற்றுப் பார்த்தால் மங்கும், சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிரியும். சாதாரணக் கண்ணுக்கு ஆறு தெரியும். சாதாரண பைனாகுலர் இருந்தாலே பல பத்துகள். அதற்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒற்றையாக மின்னுவது ரோகிணி. இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்தால் திருவாதிரையும் கிழக்கே ஏறியிருக்கும், அதுவும் சிவப்பு. தீபத்தன்று இரவு கார்த்திகையைத் தேடினால் நிலவு வெளிச்சத்தில் கிடைக்காது. நிலவு தினமும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தாமதமாக எழும் என்பதால், தீபம் கழிந்து நாலைந்து நாளில் முன்னிரவு இருட்டாகிவிடும், அப்போது பாருங்கள். டொரண்டோவில் உங்கள் தங்கைக்கும் அவள் ஊர் நேரப்படி அதே முன்னிரவில் அதே கொத்து கிழக்கே, இன்னும் சற்று உயரத்தில் நிற்கும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் எத்தனை நட்சத்திரம் எண்ண முடிந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கார்த்திகைக்குப் போகும்போது பாத்தியின் ஓரத்தில் ஒரே ஒரு கொட்டையைக் கிளறி எடுங்கள். மரக்கட்டையில் வைத்துப் பெரியவர் ஒருவர் வெட்டரிவாளால் இரண்டாகப் பிளக்கட்டும், வழுக்கும் என்பதால் கையால் பிடித்துக்கொண்டு வெட்டக் கூடாது. உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல மெத்தென்று இருப்பது தவுண். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். தித்திக்கும். வெயில் காலத்தில் நுங்காக இருந்து, முற்றிக் கல்லாகிப்போன பருப்பை இந்தத் தவுண்தான் கரைத்து உறிஞ்சி, கீழே வளரும் கிழங்குக்கு அனுப்புகிறது. தாம்பரத்தில் தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ விற்கிறார்களே, தென்னைக்கு அதுதான் இந்த உறுப்பு. ஒரே கொட்டை, சித்திரையில் நுங்கு, கார்த்திகையில் தவுண், தையில் கிழங்கு. தவுண் எடுத்த வெறுங்கொட்டை ஊமல், அதையும் காயவைத்து அடுப்பெரிக்கலாம்.

வேலிகளில் இந்த மாதங்களில் செங்காந்தள் பூத்திருக்கும். இலையின் நுனியே சுருண்டு கம்பியாகி வேலியைப் பிடித்துக்கொள்வதையும், பூ பச்சையாக விரிந்து மஞ்சளாகி, நாளாக ஆக முழுச் சிவப்பாவதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நிறம் மாறுகிற இலையைப் படமெடுத்து அனுப்புகிறவளுக்கு நிறம் மாறுகிற இந்தப் பூவை அனுப்பலாம், ஒரே கொடியில் மூன்று நிறமும் கிடைக்கும். தொடாமல் பாருங்கள். செடி முழுக்க விஷம், கிழங்கு உயிரையே எடுக்கும். மழைக்குப் பின் முளைக்கும் காளானுக்கும் அதே எச்சரிக்கை. புற்றுக்காளான் அருமையான உணவுதான், ஆனால் அதைப் பறித்தே பழகிய ஊர்க்காரர் கையால் வந்தாலொழிய தின்ன வேண்டாம்.

தாம்பரத்து மாடிக்கு: இரண்டடி உயரமுள்ள பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்று, அடியில் விரல் நுழையும் அளவில் எட்டுத் துளை. துளைகளின் மேல் ஓட்டாஞ்சில்லு பரப்பி, மணலும் மண்ணும் சமமாகக் கலந்து, மேலே நாலு அங்குலம் விட்டு நிரப்புங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கொட்டை பத்துப் பன்னிரண்டை நெருக்கி அடுக்கி மண்ணால் மூடுங்கள். நனைந்த டிரம் கனம் அதிகம், மாடி நடுவில் வைக்காமல் கீழே சுவர் இருக்கும் ஓரத்தில் வையுங்கள், வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதும் நல்லது. அடைமழை நாட்களில் துளைகள் அடைபடாமல் தண்ணீர் வடிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

பொங்கலுக்குப் பாத்தியைப் பிரிக்கும்போது கிழங்கை மேலிருந்து பிடித்து இழுக்காதீர்கள், முறியும். ஒரு பக்கத்து அடைப்பை எடுத்துவிட்டு மேட்டை ஓரத்திலிருந்து சரித்துக்கொண்டே வந்தால் கிழங்குகள் வரிசையாக வெளியே தெரியும். மேலே பச்சை இலை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தால் நாள் கடந்துவிட்டது, நார் ஏறியிருக்கும். கொட்டையை அறுத்தெடுத்து, வால் நுனியை நறுக்கி, மண் போகக் கழுவிப் பானையில் நிற்கவைத்து அடுக்குங்கள். இருபத்தைந்து கிழங்குக்குக் கல் உப்பு ஒரு பிடி, மஞ்சள்தூள் ஒரு ஸ்பூன், மூழ்கும் வரை தண்ணீர். முக்கால் மணி நேரம் வேகட்டும். குக்கரில் என்றால் ஐந்து விசில் விட்டு ஆவி தானாக அடங்கட்டும். மேல்தோல் இழுத்தவுடன் கழன்று வந்தால் வெந்துவிட்டது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் பீலியை எடுத்துவிட்டு, நாரை உரித்துத் தின்ன வேண்டும். பிளந்த கிழங்கை இடித்து, தேங்காய், பச்சைமிளகாய், இரண்டு பல் பூண்டு, உப்பு வைத்து மறுபடி இடித்தால் துவையல்.

வெந்த கிழங்கை மெல்லிதாகக் கீறித் தை வெயிலில் கலகலவென்று காயும் வரை போட்டால் புழுக்கொடியல். நாலைந்து நாள் ஆகும், உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும், ஒடித்தால் சத்தம் வர வேண்டும். காற்றுப் புகாமல் அடைத்தால் மாதக்கணக்கில் கெடாது. டொரண்டோவுக்கு அனுப்ப இதைவிடத் தோதானது இல்லை. அங்கே ஈழத்தமிழர் கடைகளில், வேகவைக்காத கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவு விற்கிறது, ஆகவே உங்கள் தங்கைக்குப் பனை அப்படியொன்றும் தூரத்துப் பொருளாக இருக்காது.

இப்போதைக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். இன்றிலிருந்து விழுகிற பழங்களின் கொட்டைகளைக் குப்பையில் தள்ளாமல் கிணற்றடி நிழலில் குவித்து வைக்கவும், அலகுக் கதிர்களை மழை நனையாத இடத்தில் சாக்கில் கட்டிப் போடவும் மாமனாரிடம் சொல்லுங்கள். பாத்திக்கு இரண்டு வண்டி மணலும் சொல்லிவைத்தால், நீங்கள் போய் இறங்கிய அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்.